படிக்கல்லை நிறுத்தது யார்?

சிலாவத்துறைக்கு நான் சென்றது விண்வெளியைப் பற்றி எழுதுவதற்காக அன்று. 2019 ஜனவரியில், மீள்குடியேறிய மக்களின் காணிப் பிரச்சினை பற்றிய கட்டுரை ஒன்றுக்காக முருங்கன் வழியே அங்கே போனேன். கட்டுரை வெளிவந்தது. அதனால் எவருக்கும் ஒரு துண்டுக் காணி கூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு முதியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்தவற்றை இன்று இங்கே எழுதுகிறேன்.

கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளைய வாசகர்களுக்குச் சிலாவத்துறை எங்கே என்பது தெரியாமலிருக்கலாம். மன்னார் நகரத்துக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பிரதேசத்தில் இருக்கும் கடலோர ஊர் அது. வடக்கே அரிப்பும், தெற்கே கொண்டச்சியும் மறிச்சுக்கட்டியும். இந்தக் கரைக்கு நேரே, கடலின் அடியில் உள்ள பாறைத் திட்டுகளைத்தான் முத்துச் சிலாபக் காலத்தில் 'பார்' என்றார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சிலாபம் என்றாலே முத்துக்குளிப்பு. சிலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று. நம்மில் பலருக்கு இந்த ஊரின் பெயர் போர்ச் செய்திகளின் வாயிலாக மட்டுமே அறிமுகம். அது ஊரின் குற்றமன்று.

அந்த முதியவரின் வீட்டுத் திண்ணையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, உள்ளே சென்று ஒரு பித்தளைச் சல்லடையைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டனார் காலத்துச் சாமான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் உடுத்த உடுப்போடு புறப்பட்டவர்கள். சல்லடை அதற்கு முன்பே புத்தளத்தில் ஓர் உறவினர் வீட்டிலிருந்ததால் தப்பியதாம். முத்துகளைத் தரம் பிரிக்கும் சல்லடைகள் பத்து உண்டு. இருபது துளை உள்ளதில் தொடங்கி ஆயிரம் துளை உள்ளது வரை, ஒவ்வொன்றிலும் துளை சிறுத்துக்கொண்டே போகும். எந்தச் சல்லடையில் நின்றதோ அதுவே முத்தின் பருமன். அதற்குப் பிறகு நிறமும் உருட்சியும் கண்ணால் பார்க்கப்படும். பிறகு கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பு. நிறையின் வர்க்கத்தைக் கண்டு, அதில் முக்காலை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்பைத் தீர்மானிப்பார்கள். பெரிய முத்து ஒன்றின் பெறுமதி, அதே நிறையுள்ள சிறு முத்துகளின் பெறுமதியைப் பார்க்கிலும் பன்மடங்கு என்பதை இந்த ஒரு கணக்கு கவனித்துக்கொள்கிறது. கணிதப் பட்டம் பெறாத வணிகர்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள்.

திண்ணையில் சில வாரங்களுக்கு முந்திய தமிழ்ப் பத்திரிகை ஒன்று கிடந்தது. 'பெனு' என்ற சிறுகோளில் நீரின் தடயத்தை நாசாவின் விண்கலம் கண்டது என்ற செய்தி அதில் இருந்தது. 2018 டிசெம்பர் 10இல் அறிவிக்கப்பட்ட செய்தி. முதியவர் அதைக் காட்டி விளக்கம் கேட்டார். கல்லின் மீது பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைக் கருவி பிரித்துப் பார்க்கிறது, நீர் கலந்த கனிமம் இருந்தால் ஒளியில் ஒரு குறிப்பிட்ட பகுதி குறைந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்தார்.

"தம்பி, ஒளி குறைஞ்சிருக்கு எண்டு கருவி சொல்லுது. சரி. அந்தக் கருவிக்குப் படிக்கல்லு எது? அந்தப் படிக்கல்லை ஆரு நிறுத்தது?"

என்னிடம் பதில் இல்லை. பல்லாண்டு காலம் செய்தி மேசையில் இருந்தவன். எத்தனையோ அறிவியற் செய்திகளைத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவன். இந்தக் கேள்வியை ஒரு முறையேனும் கேட்டதில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2009 செப்டெம்பர் 24. சந்திரயான்-1 நிலவில் நீரைக் கண்டது என்ற செய்தி வந்த நாள். அத்திட்டத்தின் இயக்குநர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் அப்போது பணியாற்றிய நாளிதழில் "நிலவில் தண்ணீர்!" என்று எட்டுப் பத்தித் தலைப்பிட்டேன். முழுநிலவின் படத்தின் மேல் ஒரு நீர்த்துளியை வரைந்து போடச் சொன்னதும் நானே. கண்டது ஏரியோ குளமோ அன்று, மண்துகள்களோடு ஒட்டிய ஐதரொட்சிலும் நீர் மூலக்கூறும் என்பதும், அந்த மண் புவியின் எந்தப் பாலைவனத்தையும் விட வறண்டது என்பதும் ஆறாம் பத்தியில் சிறு எழுத்தில் இருந்தன. பக்க வடிவமைப்பின்போது இடம் போதாமல் ஆறாம் பத்தி வெட்டுப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான கதை வெட்டுப்பட்ட பத்தியிலும் இருக்கவில்லை. நீரைக் கண்ட கருவி நாசா கொடுத்தனுப்பிய நிறமாலைமானி. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லே பீட்டர்ஸ் அதன் முதன்மை ஆய்வாளர். மூன்று மைக்ரோமீற்றர் அலைநீளத்தை ஒட்டி ஒளி குறைந்திருந்ததை அக்குழுவினர் கண்டபோது, அவர்களுக்கு முதலில் எழுந்த ஐயம், கருவியின் அளவுத் திருத்தத்தில் பிழை நேர்ந்துவிட்டதோ என்பதுதான். அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த கற்களைக் கொண்டு நிலவு முற்றிலும் வறண்டது என்று நாற்பது ஆண்டுகள் நம்பிய துறை அது. போதாததற்கு, கருவியின் பார்வை ஏறத்தாழ மூன்று மைக்ரோமீற்றரோடு முடிந்துவிடும். ஒளியில் விழுந்த பள்ளமோ அதற்கு அப்பாலும் நீள்வது. ஆகவே பள்ளத்தின் ஒரு கரை மட்டுமே தெரிந்தது. ஒற்றைக் கரையைக் கண்டு குளம் என்று சொல்லலாமா?

அவர்கள் சொல்லவில்லை. வேறு சாட்சிகளைத் தேடினார்கள். சனிக்கோளுக்குப் போகும் வழியில் 1999 ஓகஸ்டில் நிலவைக் கடந்த கசினி விண்கலம் எடுத்த பழைய தரவுகள் இருந்தன. இன்னொரு சாட்சி, டீப் இம்பெக்ட் விண்கலம். 2005 ஜூலையில் டெம்பல்-1 என்ற வால்வெள்ளியில் மோதுகலனைச் செலுத்தி ஆராய்ந்துவிட்டு, அடுத்த வால்வெள்ளியான ஹார்ட்லி-2ஐ நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. வழியில் புவியை அண்மிக்கும் வேளைகளில் தன் அகச்சிவப்பு நிறமாலைமானியைச் சரிபார்ப்பதற்கு அது நிலவைப் பயன்படுத்தியது. அதன் பார்வை ஏறத்தாழ 4.8 மைக்ரோமீற்றர் வரை செல்லும். பள்ளத்தின் இரு கரைகளும் அதற்குத் தெரியும். பீட்டர்ஸ் குழுவினர் கேட்டுக்கொண்டபடி 2009 ஜூனில் எடுத்த தரவுகளில் அந்தப் பள்ளம் இருந்தது. நிலவின் காலையிலும் மாலையிலும் ஆழமாகவும் நண்பகலில் மெலிந்தும் காணப்பட்டது. மூன்று விண்கலங்கள், மூன்று வெவ்வேறு கருவிகள், மூன்று வெவ்வேறு அளவுத் திருத்தங்கள். அதன் பிறகே மூன்று கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன. சந்திரயானோடு தொடர்பு அறுந்து அப்போது ஒரு மாதம் ஆகப்போகிறது.

வால்வெள்ளிக்குச் செல்லும் கருவி தன் தராசைச் சரிபார்க்க நிலவைப் பார்க்கிறது. நிலவின் நீரை நம்புவதற்கு அந்தச் சரிபார்ப்பே சாட்சியாகிறது. இதைவிடச் சுவையான செய்தி அந்த ஆண்டில் இருந்ததா என்பது ஐயம். நாங்கள் நீர்த்துளி வரைந்துகொண்டிருந்தோம்.

அளவுத் திருத்தம் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். எங்கள் காலத்து இலங்கைப் பாடநூல்கள் 'அளவுகோடிடல்' என்றன. வெப்பமானியைப் பனிக்கட்டியில் ஒரு முறையும் கொதிநீராவியில் ஒரு முறையும் வைத்துக் கோடிடுவோமே, அதுதான். ஆனால் சிறுகோளுக்குச் செல்லும் அகச்சிவப்பு நிறமாலைமானிக்குக் கோடிடுவது அவ்வளவு எளிதன்று. கருவி தருவது வெறும் எண். உணரியின் ஒவ்வொரு புள்ளியிலும் இத்தனை மின்னூட்டம் சேர்ந்தது என்ற எண். அதில் எவ்வளவு சிறுகோளிலிருந்து வந்தது, எவ்வளவு கருவிக்குள்ளேயே பிறந்தது? வெப்பமுள்ள பொருள் யாவும் அகச்சிவப்பில் ஒளிரும். கருவியின் சுவர் ஒளிரும், ஆடி ஒளிரும். இருட்டறையில் எதையோ தேடுபவனின் கண்ணே விளக்காக எரிந்தால் எப்படியிருக்கும்? அதனால்தான் கருவியைக் கடுங்குளிரில் வைக்கிறார்கள். அப்படியும் மீதியிருப்பதைக் கழிப்பதற்கு, எதுவுமில்லாத வெற்றுவெளியை நோக்கித் திருப்பி அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். மீன் வாங்கப் போகும்போது வெறுந்தட்டில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று நம் தாய்மார் பார்ப்பார்களே, அதே வேலை.

அடுத்து, வெப்பநிலை நன்கறிந்த ஒரு கரும்பொருளைப் பார்க்கச் செய்ய வேண்டும். இந்த வெப்பநிலையில் அது எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வீசும் என்பதை இயற்பியல் முன்கூட்டியே சொல்லிவிடும். அதுதான் படிக்கல். சூரிய ஒளியையும் நேரே அளக்க வேண்டும், ஏனென்றால் திரும்பிய ஒளியை வந்த ஒளியால் வகுத்தால்தான் கல்லின் இயல்பு தெரியும். எந்தப் புள்ளி எந்த அலைநீளத்துக்கு உரியது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அலைநீளம் சற்றே நகர்ந்துவிட்டால் ஒரு கனிமம் மற்றொரு கனிமமாகத் தோன்றும். இவையெல்லாம் புவியில், ஆய்வகத்தின் வெற்றிடக் கலனில், மாதக்கணக்கில் செய்யப்படுகின்றன. பின் ரொக்கெட்டின் குலுக்கல். பின் ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சும் குளிரும். ஏறிய தராசு இறங்கும்போதும் அதே தராசாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? போகும் வழியில் மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வழியிலோ படிக்கல் விற்கும் கடை இல்லை.

பெனுவுக்குச் சென்ற ஒசைரிஸ்-ரெக்ஸ் இதற்குப் புவியையே படிக்கல்லாகக் கொண்டது. 2016 செப்டெம்பர் 8இல் புறப்பட்டு, 2017 செப்டெம்பர் 22இல் வேகம் பெறுவதற்காகப் புவியை அண்மித்துக் கடந்தது. அப்போது 0.4 முதல் 4.3 மைக்ரோமீற்றர் வரை பார்க்கக்கூடிய அதன் நிறமாலைமானி நம்மை நோக்கித் திரும்பியது. நம் வளிமண்டலத்தில் எந்த வாயு எங்கே ஒளியை விழுங்கும் என்பது நமக்கு நன்கு தெரியும். அந்தத் தரவுகளைக் கொண்டு, ஆய்வகத்தில் அமைத்த அளவுத் திருத்தம் மீண்டும் திருத்தப்பட்டது. கவனியுங்கள்: திருத்தம் தேவைப்பட்டது. அதைச் செய்யாமல் பெனுவுக்குச் சென்றிருந்தால் அங்கு கண்டவற்றில் எவ்வளவு பெனுவினுடையது, எவ்வளவு கருவியினுடையது என்ற கேள்வி எஞ்சியிருக்கும். பதினான்கு மாதங்கள் கழித்துப் பெனுவை நெருங்கியபோது 2.7 மைக்ரோமீற்றரில் அந்தப் பள்ளம் தெரிந்தது. நீர் கலந்த களிமண் கனிமங்களின் கையெழுத்து என்று அவர்கள் துணிந்து சொன்னதற்கு, 2017இல் நம் புவியைப் பார்த்த அந்த நாட்களும் காரணம். முதியவரின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: படிக்கல் நாம் நிற்கும் இந்தப் புவிதான், ஐயா.

அப்படியும் ஒரு குறை இருந்தது. நிறமாலைமானி சிறுகோளின் தோலை மட்டுமே பார்க்கிறது. சூரியக் காற்றும் நுண்கற்களும் தாக்கித் தோல் மாறிப்போயிருக்கலாம். துகள் பொடியாக இருந்தால் ஒரு தோற்றம், கட்டியாக இருந்தால் வேறொரு தோற்றம். இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, ஒரு பிடி அள்ளி வருவது. இந்த இடத்தில்தான் எனக்குச் சிலாவத்துறை மறுபடியும் நினைவுக்கு வருகிறது.

முத்துச் சிலாபத்தில் சிப்பியை உடைத்துப் பார்த்து வாங்க முடியாது. குளிகாரர் கொண்டுவந்த சிப்பிகள் எண்ணப்பட்டு, அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆனால் ஏலம் குருட்டு ஏலமன்று. சிலாபம் கூட்டுவதற்கு முன்பே, பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் சலித்து, நிறுத்து, தேர்ந்த வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அதில் வரும் தொகையை வைத்தே சிலாபம் நடத்தத் தகுமா என்று அரசு முடிவு செய்யும். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் இருந்து வந்த வணிகர்களுக்கும் அதுவே கைவிளக்கு. மூடிய சிப்பிகளின் கடலுக்கு அந்த மாதிரியே படிக்கல்.

ஜப்பானியர் செய்தது இதைத்தான். ஹயபுசா விண்கலம் 2005இல் இட்டோகாவா என்ற சிறுகோளை அகச்சிவப்பில் பார்த்தது. புவியில் மிகுதியாக விழும் சாதாரண விண்கற்களில் ஒரு வகையை அது ஒத்திருந்தது. வானியலாளர்களுக்கு அப்போது ஒரு நெடுங்காலப் புதிர். அத்தனை விண்கற்களுக்கும் தாய்ச் சிறுகோள்கள் எங்கே? தொலைநோக்கியில் தெரிந்த சிறுகோள்களின் நிறம் கற்களின் நிறத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. 2010 ஜூன் 13இல் ஹயபுசாவின் சிமிழ் அவுஸ்திரேலியாவில் இறங்கியது. உள்ளே இருந்தது கண்ணுக்குத் தெரியாத தூசி மட்டுமே. அந்தத் தூசி போதுமானதாக இருந்தது. நிறமாலைமானி சொன்னது சரி. நிறம் பொருந்தாததற்கு விண்வெளி அரிப்பே காரணம் என்று 2011இல் உறுதியாயிற்று. கைக்கு வந்த சிறு தூசி, கைக்கு எட்டாத ஆயிரக்கணக்கான சிறுகோள்களின் அளவைத் திருத்திக் கொடுத்தது.

ஹயபுசா-2 ரியூகுவிலிருந்து 2020 டிசெம்பரில் 5.4 கிராம் கொண்டுவந்தது. ஒசைரிஸ்-ரெக்ஸ் பெனுவிலிருந்து 2023 செப்டெம்பர் 24இல் 121.6 கிராம் கொண்டுவந்தது. ரியூகு தந்த பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. விண்கலத்திலிருந்து பார்த்தபோது 2.72 மைக்ரோமீற்றரில் தெரிந்த பள்ளம் மெலிதாக இருந்தது. ஆய்வகத்தில் துகள்களை நேரே பார்த்தபோது பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தது. ரியூகு, தொலைவிலிருந்து காட்டியதைவிட அதிக நீரைத் தன் கனிமங்களில் வைத்திருந்தது. மேல்தோல் மட்டும் சூரியனால் உலர்ந்திருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. தோலைப் பற்றிய உண்மையை உடலைப் பற்றிய உண்மையாக நாம் கொண்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் செய்தியாக்க முடியாது என்று என் பழைய சகாக்கள் சொல்வார்கள். வாசகனுக்குப் பொறுமை இல்லையாம். நான் இதை ஏற்பதில்லை. மீன் சந்தையில் தராசின் முள்ளைப் பார்க்கத் தெரிந்த வாசகனுக்கு விண்கலத்தின் முள்ளைப் பார்க்கத் தெரியாதா? தெரியாதவர்கள் நாங்கள்தான். பிறகு பழியை அவன் தலையில் போட்டுவிட்டோம்.

இது வெறும் நடைச் சிக்கல் அன்று. அளவுத் திருத்தத்தைச் செய்தியிலிருந்து நீக்கிவிட்டால், மெய்யான கண்டுபிடிப்புக்கும் அரைகுறைக் கூற்றுக்கும் அச்சில் வேறுபாடே தெரியாது. எங்கள் தீவிலேயே நடந்தது இது. 2012 டிசெம்பர் 29இல் பொலன்னறுவைப் பகுதியில் வானில் ஒரு தீப்பிழம்பு காணப்பட்டது. அறலகன்வில பகுதியில் பொறுக்கிய கற்களில் நுண்பாசிகளின் புதைபடிவங்கள் இருப்பதாக, இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவும் உடனிருந்தவர்களும் 2013 ஜனவரியில் எழுதினார்கள். வேற்றுலக உயிர் என்று உலகம் முழுதும் தலைப்புகள் பறந்தன. பிற அறிவியலாளர்களின் மறுப்பு எளிமையானது. அந்தக் கற்கள் விண்கற்கள்தாம் என்பது நிலைநாட்டப்படவில்லை. அந்தப் பாசிகள் புவியின் நன்னீரில் வாழும் இனங்களாகவே தோன்றுகின்றன. கல் கிடந்த இடத்தின் மண்ணோடு அதை ஒப்பிட்டுக் காட்டுவதே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். விக்கிரமசிங்க நெடுங்காலமாக ஒரு கொள்கைக்காக வாதிடுபவர். அவருடைய துணிவின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சிலாவத்துறை முதியவரின் கேள்வியை அந்தக் கட்டுரையிடம் கேட்டால் பதில் கிடைக்காது. சந்திரயான் குழுவினர் தாங்கள் கண்டதைத் தாங்களே முதலில் நம்பவில்லை. இந்த இரண்டையும் நம் நாளிதழ்கள் ஒரே அளவு எழுத்தில், ஒரே வகை வியப்புக்குறியோடு வெளியிட்டன. எங்கள் தராசில் இரண்டும் சமமாக நின்றன என்றால் கோளாறு தராசில்தான்.

படிக்கல்லே பிழையானால் என்ன ஆகும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கி சாட்சி. அதன் ஆடியைத் தேய்த்தவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். ஆடியின் வடிவைச் சோதிக்கும் ஒளியியற் சாதனத்தில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் தவறான படிக்கல்லுக்கு ஏற்ப ஆடி மிகத் துல்லியமாகத் தேய்க்கப்பட்டது. 1990இல் ஏவிய பிறகே மங்கல் தெரிந்தது. வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியும், மேலான சாதனம் சரி என்கிறதே என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்களாம்.

நம் முன்னோர் இதில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ராஜராஜன் கொடுத்த பொன் இவ்வளவு, முத்து இவ்வளவு என்று எழுதியதோடு நிற்கவில்லை. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் வெட்டியிருக்கிறார்கள். பொன்னுக்கு 'ஆடவல்லான்' என்ற கல். அணிமணிகளுக்குத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்ற கல். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும் ஒருவன் "எதைக் கொண்டு நிறுத்தீர்கள்?" என்று கேட்பான் என அந்தக் கல்தச்சருக்கும் கணக்கருக்கும் தெரிந்திருந்தது. நாளை காலை படிக்கப் போகிறவன் கேட்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

பழம்பெருமை பேசி நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. சிலாபக் கடலின் கதையிலேயே எதிர்ப்பாடம் ஒன்றும் கிடக்கிறது. 1905இல் மறிச்சுக்கட்டியில் கூடிய சிலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். பிரித்தானிய விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்து பெரும் அறிக்கைகளை வெளியிட்டுக்கொண்டிருந்த காலம். அந்த அளவுகளை நம்பி, 1906இல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகையில் இருபது ஆண்டுகளுக்குப் பார்களை எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிப்பிகள் இல்லாமற் போயின. நிறுவனம் கலைந்தது. அந்தச் செழிப்பு பிறகு இந்தக் கரைக்குத் திரும்பவேயில்லை. சல்லடையில் பிழையில்லை, நிறுப்பிலும் பிழையில்லை. அந்த ஆண்டுகளின் சிப்பிக்கு அந்த மாதிரி சரி. இருபது ஆண்டுகளுக்கும் அதையே படிக்கல்லாகக் கொண்டதுதான் பிழை. பெரிய பாரில் ஓராண்டு கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் குஞ்சுச் சிப்பிகள், பருவக்காற்றில் மணல் புரண்டதும் காணாமற் போய்விடும் என்பது அறிக்கைகளிலேயே இருந்தது. ஆறாம் பத்தியில் இருந்திருக்கும்!

நிலவின் நீர்க் கதையும் 2009இல் முடிந்துவிடவில்லை. பகலில் நிலவின் தரை சுட்டுப்போய்த் தானே அகச்சிவப்பில் ஒளிர்வதால், அந்த ஒளியைக் கழிக்கும் முறையை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, தரையின் கரடுமுரட்டைக் கணக்கில் சேர்த்துக் கழித்தால் அந்தப் பள்ளம் எல்லா அகலாங்குகளிலும், பகலின் எல்லா வேளைகளிலும் தெரிகிறது என்றது. அதே விண்கலம், அதே எண்கள். கழித்தல் மாறியது, நிலவு மாறியது. எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டவன் இதற்கு ஒரு பத்திச் செய்தியாவது போட்டிருக்க வேண்டும். அதற்குள் நான் அந்த மேசையை விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

ஐரோப்பியரின் ஹீரா விண்கலம் 2024 ஒக்டோபர் 7இல் டிடிமோஸ் என்ற இரட்டைச் சிறுகோளை நோக்கிப் புறப்பட்டது. 2025 மார்ச் 12இல் வழியில் செவ்வாயைக் கடந்தபோது, தன் கருவிகளைச் செவ்வாயின் மீதும் அதன் சிறு நிலவான டீமோஸ் மீதும் திருப்பியது. ஜப்பான் கொடுத்த அகச்சிவப்பு வெப்பக் கமராவும் அவற்றுள் ஒன்று. செவ்வாயின் முன்னே கரும்புள்ளியாக டீமோஸ் நிற்கும் படம் அழகானது. பல நாளிதழ்கள் அழகுக்காகவே அதை வெளியிட்டன. நான் பார்த்த தமிழ் நாளிதழ் ஒன்றும் வெளியிட்டிருந்தது. படத்தின் கீழே "செவ்வாயின் அரிய காட்சி" என்று ஒரு வரி. டிடிமோஸை அளப்பதற்கு முன் தராசைச் செவ்வாயில் நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று இன்னொரு வரி சேர்க்க இடம் இருந்தது. பக்கத்திலேயே ஒரு பற்பசை விளம்பரம், அரைப் பக்கம்.